கம்பி போட்டால் நகரும் பல், முறுக்கைக் கடித்தால் ஏன் நகர்வதில்லை?

ஜெலுத்தோங்காரன்:
மகளுக்குப் பல்லில் கம்பி போட்டிருக்கிறோம். போன முறை கம்பியை மாற்றியபோது டாக்டர் பேச்சோடு பேச்சாக ஒரு தகவல் சொன்னார். ஒரு பல்லை நகர்த்த அவர் தரும் விசை 50 கிராம் எடைக்குச் சமமாம், அதிகம் போனால் 100 கிராம். நான் பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பொருள்களை அழுத்தி உடைத்துப் பார்க்கும் பிரிவில் இருப்பவன். எண்ணைக் கேட்டால் சும்மா இருக்க முடியாது. வீட்டுக்கு வந்து தேடினேன். சோறும் கறியும் மெல்லும்போதே கடைவாயில் 7 முதல் 15 கிலோ வரை விழுகிறது. இறுக்கிக் கடித்தால் 50 கிலோவைத் தாண்டுகிறவர்களும் உண்டு.

இப்போது என் சந்தேகம். 50 கிராம் விசை ஒரு பல்லை மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நகர்த்துகிறது. அதைப்போல இருநூறு மடங்கு விசை மூன்று வேளையும், ஆயுள் முழுக்க விழுகிறது. ஆனால் பல் இருந்த இடத்திலேயே நிற்கிறது. கணக்கு எங்கேயோ இடிக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிறை ஃபோர்மன்:
இதில் என்ன இடிக்கிறது அண்ணே? திசைதான் விஷயம். கடிக்கும்போது பல் நேராகக் கீழே அழுந்துகிறது, அடியில் எலும்பு தாங்கிக்கொள்கிறது. கம்பி பக்கவாட்டில் இழுக்கிறது. அவ்வளவுதான்.

ஜெலுத்தோங்காரன்:
தம்பி, யாராவது ஆட்டுக்கறி மெல்வதை எதிரே உட்கார்ந்து பாருங்கள். தாடை நேராக ஏறி இறங்குவதில்லை. ஒரு பக்கமாக ஒதுங்கித் திறந்து, பக்கவாட்டிலிருந்து உள்ளே வந்து மூடுகிறது. கடைவாய்ப் பல்லின் மேடுகள் ஒன்றின்மேல் ஒன்று சரிகின்றன. பக்கவாட்டு விசை இல்லாமல் அரைபடாது. முன்பல்லால் கொய்யாவைக் கடித்து இழுப்பதைக் கேட்கவே வேண்டாம்.

பல்லாண்டு:
ஆயர் ஈத்தாம் பக்கம் பல் மருத்துவம் பார்க்கிறேன். படித்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன், கை சும்மா இருக்கவில்லை.

பல் எலும்பில் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. முதலில் இதை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேருக்கும் அது உட்கார்ந்திருக்கும் குழிக்கும் நடுவே சுற்றிலும் ஓர் இடைவெளி இருக்கிறது. சுமார் 0.2 மில்லிமீட்டர். வேரின் நடுப்பகுதியில் இன்னும் குறுகல், கழுத்திலும் நுனியிலும் சற்று அகலம். அந்த இடைவெளியை நிரப்பியிருப்பதுதான் பெரியோடான்டல் லிகமென்ட். பல்சூழ் நார் என்று சொல்லிக்கொள்வோம். கொலாஜன் இழைகள், செல்கள், நுண்ணிய ரத்தக் குழாய்கள், நரம்பு முனைகள், இவற்றுக்கு நடுவே திரவம். இழையின் ஒரு முனை வேரைப் போர்த்தியிருக்கும் சிமென்டம் என்னும் மெல்லிய உறைக்குள் புதைந்திருக்கும், மறுமுனை எலும்புக்குள். ஆக, பல் குழிக்குள் தொங்குகிறது என்பதுதான் நிலைமைக்கு நெருக்கமான வார்த்தை.

இனி உங்கள் கணக்குக்கு வருகிறேன். அதில் விசை இருக்கிறது, நேரம் இல்லை. ஒரு மெல்லும் சுற்று ஏறக்குறைய ஒரு நொடி. அதிலும் மேல் கீழ்ப் பற்கள் உண்மையில் சந்தித்து அழுந்தும் நேரம் கால் நொடி அளவுதான். அந்த நேரத்துக்குள் இடைவெளியில் இருக்கும் திரவம் எங்கும் ஓட முடியாது. திரவத்தை அமுக்கிச் சுருக்கவும் முடியாது. அதனால் விசை அப்படியே எலும்புக்குப் போகிறது, குழியின் சுவர் துளி வளைந்து திரும்புகிறது. பல் தன் இடத்தை விட்டுப் போவதில்லை. அழுத்தம் ஒன்றிரண்டு நொடி நீடித்தால் திரவம் கசிய ஆரம்பிக்கும், பல் குழிக்குள் இடம்பெயரும். மூன்று முதல் ஐந்து நொடி பலமாகவே அழுத்திக்கொண்டிருந்தால் திரவம் வெளியேறி, திசுவே நசுங்கும். அப்போது வலிக்கும், நீங்களே வாயைத் திறந்துவிடுவீர்கள்.

பத்து ஃபெரிங்கியில் அலை வந்து போன ஈரமணலில் ஓடிப் பாருங்கள், காலடியில் கெட்டியாக இருக்கும். அதே இடத்தில் நின்றுகொண்டு பேசுங்கள், கால் மெல்லப் புதையும். அதே ஆள், அதே எடை.

கம்பி ஓடுவதில்லை, நிற்கிறது. 50 கிராம்தான், ஆனால் இரவும் பகலும். ஒரு நாளில் குறைந்தது நான்கிலிருந்து எட்டு மணி நேரம் விசை தொடர்ந்தால்தான் பல்சூழ் நாரில் இருக்கும் செல்கள் விழித்துக்கொண்டு ஒரு பக்க எலும்பைக் கரைத்து மறுபக்கம் புதிதாகக் கட்ட ஆரம்பிக்கும் என்பது பல் சீரமைப்புத் துறையில் பொதுவாக ஏற்ற கணக்கு. சாப்பாடு, எச்சில் விழுங்குவது எல்லாம் சேர்த்தாலும் ஒரு நாளில் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் 20 நிமிடம்கூட வராது என்று ஒரு பழைய மதிப்பீடு உண்டு, இன்றும் அதைத்தான் எடுத்துச் சொல்கிறார்கள்.

ஜெலுத்தோங்காரன்:
டாக்டர், இது எங்கள் மொழி. டேம்பர், அதாவது அதிர்ச்சியைத் தணிக்கும் அமைப்பு. வேகமாகத் தள்ளினால் விறைக்கும், மெதுவாகத் தள்ளினால் விட்டுக்கொடுக்கும். மணல் உதாரணத்தில் மட்டும் எனக்கு ஒரு சின்னத் தகராறு. ஈரமணலை மிதித்தால் காலைச் சுற்றி மணல் காய்ந்த மாதிரி வெளுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே மணல்மணிகள் விலகி விரிந்து நீரை உள்ளே இழுக்கின்றன, பல்லில் நீர் வெளியே போகிறது என்கிறீர்கள். போகட்டும். எனக்கு எண்கள் வேண்டும். மெல்லும்போது பல் எவ்வளவு இறங்குகிறது? விசைக்கும் இறக்கத்துக்கும் கோடு நேராக இருக்குமா?

பல்லாண்டு:
மணலை விட்டுவிடுகிறேன், பொறியாளரிடம் உதாரணம் சொன்னால் இதுதான் நடக்கும்.

கோடு நேராக இருக்காது. சூரிச்சில் முலெமான் என்பவர் 1950களில் பல்லைப் பக்கவாட்டில் தள்ளி நுட்பமாக அளந்தார். முதல் 100 கிராம் வரை பல் தாராளமாக நகர்கிறது, முன்பல் என்றால் 0.1 மில்லிமீட்டர் வரைகூடப் போகும். அதற்குமேல் 500 கிராம் வரை ஏற்றினாலும் கூடுதல் நகர்வு கொஞ்சம்தான். முதல் கட்டத்தில் தளர்ந்து கிடக்கும் இழைகள் நிமிர்கின்றன, இரண்டாம் கட்டத்தில் எலும்பே வளைகிறது. மேலிருந்து கீழே அழுத்தினாலும் இதே கதை, அளவு இன்னும் சிறிது. 1960இல் பார்ஃபிட் என்பவர் இந்தத் திசையை அளந்து வெளியிட்டார். இப்போது புத்தகங்களில் காணும் எண்: இயற்கைப் பல் சுமையில் 25 முதல் 100 மைக்ரான் வரை இறங்கும். ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்.

சுமையை எடுத்தால் பெரும்பகுதி உடனே திரும்பும். மீதி மெதுவாக, ஒரு நிமிடமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டு ஏறும். மெல்லும்போது நொடிக்கொரு தடவை அடி விழுகிறதே, முழுதாக ஏற நேரம் ஏது? ஆகவே சாப்பிட்டு முடிக்கும்போது உங்கள் பற்கள் உட்கார்ந்தபோது இருந்ததைவிட மைக்ரான் கணக்கில் உள்ளே இருக்கும். இரவு பற்கள் பெரும்பாலும் தொடாமல் இருப்பதால் கொஞ்சம் வெளியே வந்துவிடும். பல்லின் ஆட்டம் காலையில் எழுந்ததும்தான் அதிகம், பகல் போகப் போகக் குறையும். இன்னொன்று, மிக நுண்ணிய கருவி வைத்துப் பார்த்தால் இதயம் துடிக்கும் தாளத்துக்குப் பல்லும் துடிப்பது தெரியும். அந்த 0.2 மில்லிமீட்டருக்குள் ரத்தக் குழாய்கள் அவ்வளவு.

பிறை ஃபோர்மன்:
அப்போ நான் சொன்ன திசைக்கு மதிப்பே இல்லையா டாக்டர்?

பல்லாண்டு:
இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. பல்சூழ் நாரின் இழைகளில் மிகப் பெரிய கூட்டம் சாய்வாக ஓடுவது. எலும்பிலிருந்து புறப்பட்டு, வேரின் நுனிப் பக்கமாகச் சரிந்து வந்து வேரில் சேரும். பல்லை உள்ளே அழுத்தினால் இந்த இழைகள் இழுபடும். அதாவது மேலிருந்து வரும் அழுத்தம் குழியின் சுவரில் இழுவிசையாக மாறிப் போய்ச் சேர்கிறது. வேர் நுனி எலும்பின் அடியில் குத்தி நிற்பதில்லை. குத்தி நின்றால் நுனி வழியாக உள்ளே போகும் நரம்பும் ரத்தக் குழாயும் ஒவ்வொரு கடிக்கும் நசுங்கியிருக்கும்.

பக்கவாட்டில் தள்ளினால் பல் வேரின் உள்ளே ஏதோ ஒரு புள்ளியைச் சுற்றிச் சாய்கிறது. கழுத்தில் ஒரு பக்கம் நசுங்கும், நுனியில் எதிர்ப்பக்கம் நசுங்கும். சுமை இரண்டு சின்ன இடங்களில் குவிகிறது. அதனால் நேர்ச்சுமையைப் பல் நன்றாகத் தாங்கும், பக்கச்சுமையை அவ்வளவாகத் தாங்காது. நீங்கள் சொன்னதன் அடிப்படை அதுதான். கடைவாய்ப் பற்கள் கொஞ்சம் சாய்ந்து முளைத்திருப்பதும், பல்வரிசையைப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு வளைவு தெரிவதும், தாடைத் தசைகள் இழுக்கும் திசைக்கு வேர்கள் ஏறக்குறைய நேராக நிற்பதற்கு உதவுகின்றன.

தாதியக்கா:
வணக்கம். நான் பல் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 1949இல் பினாங்கில் தொடங்கிய பயிற்சிப் பள்ளியில்தான் படித்தேன். அந்தக் காலத்தில் மலாயாவின் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல் பார்க்க இங்கேதான் பெண்களைத் தயார் செய்தார்கள். 1949 என்றதும் என் வயதைக் கணக்குப் போடாதீர்கள், நான் சேர்ந்தது ரொம்பப் பின்னால்.

டாக்டர் சொன்னதைப் பிள்ளைகளிடம் கண்ணால் பார்க்கலாம். கட்டை விரல் சூப்பும் பிள்ளைக்கு மேல் முன்பல் வெளியே தள்ளி, மேலும் கீழும் சேராமல் திறந்து நிற்கும். சூப்பும் பலம் எவ்வளவு? ஒன்றுமே இல்லை. ஆனால் தூங்கும்போதெல்லாம் விரல் வாயிலேயே கிடக்கும். எப்போதாவது சூப்பும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. அம்மாக்கள் எவ்வளவு அழுத்திச் சூப்புகிறான் என்று கேட்பார்கள், நான் எத்தனை மணி நேரம் என்று திருப்பிக் கேட்பேன். நாக்கும் உதடும் கன்னமும் சும்மா இருக்கும்போது பல்லின்மேல் சாய்ந்திருக்கும் லேசான அழுத்தம்தான் பல் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. பேசும்போதும் விழுங்கும்போதும் நாக்கு அதைவிடப் பலமாகத் தள்ளும், ஆனால் உடனே விலகிவிடும்.

இன்னொன்று. ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு இடத்தைக் காலியாக விட்டால் பின்னால் இருக்கும் பல் முன்பக்கமாகச் சாயும், எதிர்வரிசைப் பல் அந்தக் காலி இடத்துக்குள் வரும். யாரும் கம்பி போடவில்லை, தானாகவே நகர்கிறது. எங்கள் ஆட்கள் பல்லைப் பிடுங்கினால் பிரச்சினை முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

புலாவ் தீக்குஸ்:
பேச்சைத் திசை திருப்புவதற்கு மன்னிக்கவும். கீழ்க் கடைவாயில் ஒரு பல் போய் இம்பிளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைத்திருக்கிறேன். ஆயிரக்கணக்கில் வெள்ளி (ரிங்கிட்) செலவு, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கம் கச்சாங் பூத்தே (வறுத்த கடலை வகை) மென்றால் ஏதோ கட்டையால் இடிக்கிற மாதிரி. எவ்வளவு அழுத்துகிறேன் என்றே பிடிபடவில்லை. வைத்ததில் கோளாறா?

பல்லாண்டு:
திசை மாறவில்லை, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள். கோளாறு என்று நினைக்க வேண்டாம், இம்பிளான்டின் இயல்பே அது. ஸ்வீடனில் பிரானெமார்க் என்ற ஆய்வாளர் 1952இல் முயலின் எலும்பில் வைத்த டைட்டேனியம் எலும்போடு பிரிக்க முடியாமல் இணைந்துவிட்டதைக் கவனித்தார். 1965இல் முதல் மனிதருக்கு வைத்தார். எலும்போடு நேரடியாக இணைவதுதான் அதன் வெற்றி. அந்த இணைப்பில் பல்சூழ் நார் கிடையாது. 0.2 மில்லிமீட்டர் இடைவெளி இல்லை, திரவம் இல்லை, நரம்பு முனைகளும் இல்லை. இயற்கைப் பல் 25 முதல் 100 மைக்ரான் இறங்கும் இடத்தில் இம்பிளான்ட் 3 முதல் 5 மைக்ரான் மட்டுமே இறங்கும்.

இதனால் ஒரு சிக்கல். லேசாக வாயை மூடும்போது எல்லாப் பற்களும் ஒரே சமயத்தில் தொடுவதுபோல் இம்பிளான்டின் உயரத்தை வைத்தால், பலமாகக் கடிக்கும்போது பக்கத்துப் பற்கள் இறங்கிவிடும், இம்பிளான்ட் மட்டும் தனியாகச் சுமக்கும். ஆகவே உயரத்தைத் துளி குறைத்து வைப்பது வழக்கம். 8 மைக்ரான் தகடு ஒன்றை நடுவில் வைத்து, லேசாகக் கடித்தால் தகடு உருவி வர வேண்டும், பலமாகக் கடித்தால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று பார்ப்போம். உங்களுக்கு இப்படிப் பார்த்தார்களா என்று அடுத்த முறை போகும்போது கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

உணர்வைப் பொறுத்தவரை, இயற்கைப் பற்களுக்கு நடுவே 20 மைக்ரான் தடிமனில் ஏதாவது சிக்கினாலே தெரிந்துவிடும். இம்பிளான்டுக்கு 50 மைக்ரான் அளவு வேண்டும். அதுவும் எலும்பு, தசை, தாடை மூட்டு வழியாகச் சுற்றி வரும் உணர்வு.

ஜெலுத்தோங்காரன்:
அப்படியானால் இம்பிளான்டைக் கம்பி போட்டு நகர்த்தவும் முடியாது, சரியா?

பல்லாண்டு:
முடியாது. அதையே சாதகமாகவும் பயன்படுத்துகிறோம். பல்லை இழுக்கும்போது எதைப் பிடித்துக்கொண்டு இழுப்பது என்பது எப்போதும் தலைவலி. பின்பல்லைப் பிடித்து முன்பல்லை இழுத்தால் பின்பல்லும் முன்னால் வந்துவிடும். இப்போது எலும்பிலேயே ஒரு சின்னத் திருகை ஏற்றி அதைப் பிடித்து இழுக்கிறோம்.

யுஎஸ்எம் மாணவி:
நரம்பு முனைகள் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன், நான் படிக்கும் பாடத்தில் வருகிறது. பல்சூழ் நாரில் இருப்பவை பெரும்பாலும் ருஃபினி வகை உணர்விகள். வேடிக்கை என்னவென்றால், இவை பெரிய விசையை அளக்க உண்டானவை அல்ல. முன்பல்லின் உணர்விகள் ஒரு நியூட்டன், அதாவது சுமார் 100 கிராம் தாண்டுவதற்குள்ளேயே ஏறக்குறைய நிறைந்துவிடும். கடைவாயில் நான்கு நியூட்டன் அளவு. அதற்குமேல் எவ்வளவு ஏற்றினாலும் இவற்றின் பதில் பெரிதாகக் கூடாது. பல் எதையோ தொட்டது, எந்தத் திசையில் தள்ளப்படுகிறது, பிடி நழுவுகிறதா என்பதை மூளைக்குச் சொல்வதுதான் இவற்றின் வேலை. நிலக்கடலையை முன்பல்லில் உருளாமல் பிடிக்க முடிகிறதே, அதற்கு இவைதான் காரணம். பல்லுக்கு மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டுக் கடலையைப் பிடிக்கச் சொன்னால் தேவைக்கு மேல் அழுத்துவார்கள், அப்படியும் நழுவும்.

பிறை ஃபோர்மன்:
சோற்றில் கல் கடிபட்டால் யோசிப்பதற்குள் வாய் திறந்துவிடுகிறதே, அதுவும் இதுதானா தங்கச்சி?

யுஎஸ்எம் மாணவி:
ஆமாம் அண்ணா, எதிர்பாராத அடி விழுந்ததும் வாயை மூடும் தசைகள் ஒரு கணம் அணைக்கப்படும். மூளையின் மேல்தளத்துக்குத் தகவல் போய்த் திரும்பக் காத்திருப்பதில்லை, மூளைத்தண்டிலேயே முடிந்துவிடும். இதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. முறுக்கு படாரென்று உடையும்போது நீங்கள் பல கிலோ விசையோடு மூடிக்கொண்டிருக்கிறீர்கள். எதிர்ப்பு திடீரென்று மறைகிறது. மேல் கீழ்ப் பற்கள் மோதிச் சில்லு போக வேண்டும், ஆனால் மோதுவதில்லை. மூடும் தசைகள் நொடியின் மிகச் சிறிய ஒரு பங்குக்குள் தளர்கின்றன, திறக்கும் தசைகளும் முன்கூட்டியே கொஞ்சம் விறைத்து நிற்கின்றன.

கரும்புச்சாறு:
எல்லாரும் மைக்ரானில் பேசுகிறீர்கள். என் தாத்தா நிபோங் திபால் பக்கத்து எஸ்டேட்டில் கரும்பைப் பல்லாலேயே உரித்தார். ஆட்டெலும்பைக் கடித்து உடைத்தார். சாகும்வரை பல் இருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் ரொட்டியும் நகெட்டும் தின்று கம்பி போட்டுக்கொண்டு திரிகிறார்கள். பல்லுக்கு வேலை கொடுத்தால் பல் பலப்படும். இதற்கு டாக்டர் என்ன சொல்கிறார்?

பல்லாண்டு:
பாதி சொல்வேன் அங்கிள். வேலையில்லாத பல்லைச் சுற்றிப் பல்சூழ் நார் மெலிந்துபோகும், எலும்பின் உள்சட்டங்களும் குறையும். வேலை கொடுத்தால் இரண்டும் தடிக்கும். வளரும் வயதில் நன்றாக மென்று தின்பது தாடை வளர்ச்சிக்கு நல்லது என்பதற்கும் ஆதாரம் உண்டு. சொரசொரப்பான உணவு தின்ற காலத்தில் பற்களின் பக்கங்களும் தேய்ந்தன. ஒவ்வொரு கடியிலும் பக்கத்துப் பல்லோடு உரசி, புள்ளியாகத் தொட்ட இடம் தட்டையாகும். பற்கள் மெல்ல முன்னால் நகர்ந்து அந்த இடைவெளியை அடைத்துக்கொள்ளும். பின்னால் ஞானப்பல்லுக்கு இடம் கிடைக்கும்.

மீதிப் பாதியை ஒப்புக்கொள்ள மாட்டேன். பல்லின் மேலோடான எனாமல் பலப்படாது. எடையில் 96 விழுக்காடு கனிமம், உயிருள்ள செல் ஒன்றுகூடக் கிடையாது, போனது போனதுதான். அதன் சாமர்த்தியம் வேறு இடத்தில் இருக்கிறது. உள்ளே இருக்கும் நுண்தண்டுகள் ஒன்றோடொன்று பின்னிப் பின்னிப் போவதால், மேலே விழுந்த விரிசல் நேராக உள்ளே ஓட முடியாமல் வழியில் நின்றுவிடும். அடியில் இருக்கும் டென்டின் எனாமலைவிட நாலைந்து மடங்கு வளைந்துகொடுக்கும், மேலோடு உடையாமல் தாங்கும். அதனால் எத்தனையோ நுண்விரிசல்களோடு ஒரு பல் பல வருடம் ஓட்டிவிடும். ஆனால் செண்டோல் கிண்ணத்தின் அடியில் மிஞ்சும் ஐஸ்கட்டியைக் கடிப்பவர்களும், பொரியாத சோளத்தைக் கடிப்பவர்களும்தான் என் நாற்காலிக்கு வருகிறார்கள். பெரிய அடைப்பு வைத்த கடைவாய்ப் பல் என்றால் இன்னும் சீக்கிரம். கடிக்கும்போது ஒன்றும் இராது, கடியை விடும் கணத்தில் சுரீர் என்று வலிக்கும். விரிசல் விழுந்த பல்லுக்கு அது ஓர் அடையாளம், கேட்டதும் உஷாராகிவிடுவோம்.

தாதியக்கா:
கொட்டைப்பாக்கையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள் டாக்டர். எங்கள் பாட்டிமார் பல்லைப் பார்த்தால் மேடெல்லாம் தேய்ந்து தட்டையாக இருக்கும். பல் தேய்வது போகட்டும், பாக்கு புகையிலை இல்லாமலே வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே உறுதியாகச் சொல்லியாகிவிட்டது. இன்னும் விசேஷ வீட்டில் தட்டில் வைத்து நீட்டுகிறார்கள்.

கரும்புச்சாறு:
பாக்கு வேறு, கரும்பு வேறு அக்கா. நான் கரும்பைத்தான் சொன்னேன்.

ஜெலுத்தோங்காரன்:
நேரம்தான் முக்கியம் என்று வைத்தால் எனக்கு அடுத்த கேள்வி தானாக வருகிறது. என் மனைவி (அவள் இந்தப் பக்கம் வரமாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்) தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறாள். அது சாப்பாடு மாதிரி கால் நொடி இல்லை. அப்போது பல் நகர வேண்டுமே?

பல்லாண்டு:
நல்ல கேள்வி. தூக்கத்தில் கடிப்பது சில நொடிகளாக வந்து வந்து போகும். சாப்பாட்டைவிட நீளம், ஆனால் மணிக்கணக்கில் ஒரே திசையில் ஒரே சீராக நிற்பதில்லை. இப்படியும் அப்படியுமாக அரைப்பதால் பல் ஒரு பக்கமாக ஊர்ந்து போகாது. மாறாக இரண்டு பக்கமும் நசுங்கி, இடைவெளி அகன்று, பல் லேசாக ஆட ஆரம்பிக்கலாம். எக்ஸ்ரேயில் வேரைச் சுற்றியிருக்கும் கறுப்புக் கோடு தடித்துத் தெரியும். ஈறு ஆரோக்கியமாக இருந்தால் சுமை குறைந்ததும் அந்த ஆட்டம் பெரும்பாலும் அடங்கிவிடும். ஈறு நோய் வந்து எலும்பு தேய்ந்த பல் ஆடுவது வேறு கதை. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு பற்பசையை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் வீட்டில் தேய்மானமோ காலையில் தாடை வலியோ இருந்தால் இரவில் போடும் கவசம் செய்து தருவார்கள். கடிப்பதை அது நிறுத்தாது, பல்லுக்குப் பதில் அது தேயும்.

யுஎஸ்எம் மாணவி:
டாக்டர், இறுக்கிக் கடிக்கும்போது பல் மட்டுமல்ல, கீழ்த்தாடையே வளைகிறது என்று படித்தேன். வாயை அகலத் திறந்தாலும் இரண்டு பக்கக் கடைவாய்ப் பற்களும் துளி நெருங்கி வருமாமே?

பல்லாண்டு:
வரும். குதிரை லாட வடிவ எலும்பு, இரண்டு பக்கமும் தசை உள்நோக்கி இழுக்கிறது, வளையாமல் என்ன செய்யும்? அச்சு எடுக்கும்போது வாயை அளவுக்குமேல் திறக்கச் சொன்னால், செய்த பாலம் (இழந்த பல்லுக்குப் பதிலாகப் பக்கத்துப் பற்களில் பொருத்தும் செயற்கைப் பல்) பிறகு சரியாக உட்காராது.

ஜெலுத்தோங்காரன்:
மகள் விஷயத்துக்கே திரும்பி வருகிறேன். கம்பி மாற்றிய அன்று ஒன்றுமில்லை. மறுநாள் இட்லிகூடத் தின்ன முடியவில்லை என்று அழுதாள். 50 கிராம் விசை, அதுவும் மெதுவாக. அது ஏன் அன்றே வலிக்காமல் மறுநாள் வலிக்கிறது?

பல்லாண்டு:
நசுங்கிய பக்கத்தில் ரத்த ஓட்டம் குறைகிறது, சில மணி நேரத்தில் அழற்சி கிளம்புகிறது. வலி அதன் பின்னால் வருவதால் தாமதம். மறுநாள் உச்சம், இரண்டு முதல் நான்கு நாளில் அடங்கும். அந்த நேரத்தில் பல்சூழ் நார் தொட்டாலே கூசும் நிலையில் இருப்பதால் இட்லியும் கல்லாகத் தெரியும். எலும்பைக் கரைக்கும் செல்கள் ஏறக்குறைய இரண்டாம் நாள்தான் வேலைக்கு வரும். விசையை அதிகம் வைத்தால் வேகமாக நகரும் என்று சிலர் நினைப்பார்கள். அதிகம் வைத்தால் ரத்தமே நின்று அந்த இடம் செத்துப்போகும், உடம்பு அதைப் பின்பக்கமிருந்து சுரண்டி எடுக்கும்வரை பல் அசையாமல் நிற்கும். வலிதான் மிச்சம்.

கம்பி மாற்றிய முதல் எட்டு மணி நேரத்துக்குள் மிருதுவான எதையாவது அடிக்கடி மென்றால் வலி குறையும் என்று பாடப்புத்தகங்களே சொல்கின்றன. விட்டு விட்டு வரும் அழுத்தம் நசுங்கிய இடத்துக்கு ரத்தத்தை மறுபடி ஓடவிடுகிறது. சர்க்கரை இல்லாத மெல்லும் பசைகூடச் சிலர் தருவார்கள், உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். முறுக்கு வேண்டாம். பல் ஒன்றும் ஆகாது, பல்லில் ஒட்டிய பிராக்கெட் பெயர்ந்துவிடும்.

பிறை ஃபோர்மன்:
கம்பியைக் கழற்றியபின் பல் பழைய இடத்துக்கே ஓடிவிடுகிறது என்கிறார்களே, அது ஏன்? என் தம்பி மகனுக்கு அப்படி ஆகிப்போனது.

பல்லாண்டு:
எலும்பு புது இடத்தில் கட்டிக்கொள்ளும். பல்சூழ் நாரின் இழைகள் மறுபடி ஒழுங்காக அமைய மூன்று நான்கு மாதம் ஆகும், அதுவும் பற்கள் தனித்தனியாக அசைந்து மெல்ல ஆரம்பித்த பிறகுதான். கம்பியில் எல்லாம் கட்டுண்டு கிடக்கும்வரை அது நடக்காது. ஈறுக்குள் ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்குப் போகும் கொலாஜன் இழைகளுக்கு நாலு முதல் ஆறு மாதம். அங்கேயே இருக்கும் ரப்பர் தன்மையுள்ள இழைகள்தான் பிடிவாதம், ஒரு வருடம் தாண்டியும் பழைய பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். முக்கியமாகத் திருகித் திருப்பிய பற்களை. அதனால்தான் ரிட்டெய்னர், அதாவது பல்லைப் புது இடத்திலேயே பிடித்து வைக்கக் கழற்றி மாட்டும் கருவி. முதல் சில மாதம் சாப்பாட்டு நேரம் தவிர நாள் முழுக்க, அப்புறம் இரவில். சாப்பிடும்போது கழற்றச் சொல்வது அழுக்காகும் என்பதற்காக மட்டுமில்லை, அந்த நேரத்தில் ஒவ்வொரு பல்லும் தன் குழிக்குள் தனியாக ஏறி இறங்க வேண்டும்.

தாதியக்கா:
கழற்றியதை டிஷ்யூ பேப்பரில் சுற்றி மேசையில் வைக்காதீர்கள். சாப்பாட்டுக்கடையில் தட்டெடுக்கும் பையன் அதையும் சேர்த்து அள்ளிக் குப்பையில் போட்டுவிடுவான், அப்புறம் அப்பாவும் மகளும் குப்பைத் தொட்டியைக் கிளற வேண்டியதுதான். அதற்கென்று டப்பா தருவார்கள், அதைப் பள்ளிப் பையிலேயே போட்டு வையுங்கள்.